மீளத்திறக்கப்படும் குற்றப் புலனாய்வும் நாடுகளுக்கிடையிலான ஒப்படைப்பும்: அசாஞ்சே மீதான சுவீடன் புலனாய்வை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (2010–2019)

ஆய்வுச் சுருக்கம்

முடித்துவைக்கப்பட்ட ஒரு குற்றப் புலனாய்வு மீண்டும் திறக்கப்படும்போது, வேறொரு நாட்டில் இருப்பவரை ஒப்படைக்கக் கோரும் நடவடிக்கையும் தானாகவே உயிர்பெறுகிறதா என்பது இக்கட்டுரை எழுப்பும் வினா. விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே மீது சுவீடனில் 2010 ஆகஸ்டில் தொடங்கிய புலனாய்வு, 2010 செப்டம்பரிலும் 2019 மே மாதத்திலும் மீளத்திறக்கப்பட்டது. முதல் மீள்திறப்பு மூன்று மாதங்களுக்குள் ஐரோப்பியப் பிடியாணையாக வளர்ந்தது. இரண்டாவது மீள்திறப்பு ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. ஒரே நபர், ஒரே புகார், ஒரே சட்டம் என அமைந்த இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு, மீள்திறப்புக்கும் ஒப்படைப்புக்கும் இடையில் நின்று முடிவைத் தீர்மானிப்பவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒப்படைப்பு, மீள்திறப்பு, முதனிலைப் புலனாய்வு, ஐரோப்பியப் பிடியாணை, காவல் ஆணை, காலவரம்பு, போட்டிக் கோரிக்கை.

முன்னுரை

ஒரு நாட்டில் குற்றம் செய்ததாகக் கருதப்படுபவர் மற்றொரு நாட்டில் இருக்கும்போது, விசாரணைக்காக அவரைத் தம்மிடம் அனுப்பிவைக்குமாறு முதல் நாடு கோருவதும், இரண்டாம் நாடு தன் சட்டப்படி அக்கோரிக்கையை ஆராய்ந்து முடிவெடுப்பதும் நெடுங்கால வழக்கம். தமிழ் நாளிதழ்கள் இதனை 'நாடுகடத்தல்' என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. குடியேற்றச் சட்டத்தை மீறியவரை வெளியேற்றுவதற்கும் அதே சொல்லே வழங்குவதால் பொருள்மயக்கம் நேர்கிறது. 'குற்றவாளிகள் பரிமாற்றம்' என்னும் மற்றொரு வழக்கும் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரை முன்கூட்டியே குற்றவாளியாக்கிவிடும் குறை அதில் உள்ளது. ஆகவே இக்கட்டுரையில் 'ஒப்படைப்பு' என்னும் சொல்லே ஆளப்படுகிறது. முடித்துவைக்கப்பட்ட புலனாய்வை உரிய அதிகாரி மீண்டும் தொடங்குவது 'மீள்திறப்பு' எனச் சுட்டப்படுகிறது.

ஒப்படைப்பு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்பந்தங்களையும் இறுதித் தீர்ப்புகளையும் மையமிட்டு அமைகின்றன. கோரிக்கையின் வேராக விளங்கும் புலனாய்வு இடையில் மூடப்பட்டு மீண்டும் திறக்கப்படும்போது என்ன நேர்கிறது என்பது குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அசாஞ்சே வழக்கு அரசியல் பரபரப்பின் காரணமாகப் பெரிதும் எழுதப்பட்ட ஒன்று. அதன் அரசியலை விடுத்து நடைமுறை வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், மேற்கண்ட வினாவுக்கு விடை காண அது அரிய வாய்ப்பைத் தருகிறது. சுவீடனில் அவர்மீது எக்காலத்தும் முறைப்படி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை என்பதையும், குற்றச்சாட்டுகளை அவர் தொடக்கம் முதலே மறுத்துவந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும்.

சுவீடன் சட்டத்தில் முதனிலைப் புலனாய்வு

சுவீடனின் நீதிமன்ற நடைமுறைச் சட்டம் 1942இல் இயற்றப்பட்டு 1948இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 23ஆம் அதிகாரம் முதனிலைப் புலனாய்வைப் பற்றியது. குற்றம் நிகழ்ந்திருக்கலாம் எனக் கருதக் காரணம் இருப்பின் புலனாய்வு தொடங்கப்பட வேண்டும். கடுங்குற்றங்களில் அதனை வழிநடத்துபவர் அரசு வழக்குரைஞர். ஐயத்திற்குரியவரை வினவி, திரட்டிய சான்றுகளை அவருக்குக் காட்டி, அவர் தரப்பு கேட்கும் கூடுதல் ஆய்வுகளையும் கருதிப் பார்த்த பின்னரே குற்றஞ்சாட்டுவதா இல்லையா என்னும் முடிவு எடுக்கப்படுகிறது. குற்றஞ்சாட்டுதல் இவ்வாறு புலனாய்வின் இறுதிப்படியாக அமைகிறது. இங்கிலாந்தின் முறையில் அது வழக்கின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடும். பின்னர் லண்டன் நீதிமன்றங்களில் எழுந்த சிக்கல் ஒன்றின் ஊற்றுக்கண் இவ்வேறுபாடே.

புலனாய்வை முடித்துவைக்கும் ஆணை நீதிமன்றத் தீர்ப்பைப் போல இறுதித்தன்மை உடையதன்று. புதிய சான்று கிடைத்தாலோ, தடையாக இருந்த சூழல் நீங்கினாலோ புலனாய்வைத் தொடரலாம். புகார்தாரரின் வேண்டுகோளின் பேரில் உயர்நிலை வழக்குரைஞர் கீழ்நிலை வழக்குரைஞரின் முடிவை மறு ஆய்வு செய்யும் வழக்கமும் அங்கு நிலைபெற்றுள்ளது. ஆகவே சுவீடன் சட்டமரபில் மீள்திறப்பு புகார்தாரருக்குக் கிடைக்கும் இயல்பான பாதுகாப்புகளுள் ஒன்று.

ஒருவரைக் காவலில் வைப்பதற்கோ வழக்குரைஞர் நீதிமன்றத்தை அணுகியாக வேண்டும். ஐயத்திற்குரியவர் வெளிநாட்டில் இருப்பினும் அவர் நேரில் இல்லாத நிலையில் காவல் ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஐரோப்பியப் பிடியாணை அந்தக் காவல் ஆணையை அடித்தளமாகக் கொண்டே எழும். மீள்திறப்பு வழக்குரைஞரின் கையில் உள்ளது. காவல் ஆணை நீதிமன்றத்தின் கையில் உள்ளது. பின்வரும் வரலாறு முழுவதும் இந்த இடைவெளியைச் சுற்றியே இயங்குகிறது.

முதல் மீள்திறப்பு: 2010

2010 ஆகஸ்டு 20ஆம் நாள் ஸ்டாக்ஹோம் காவல் நிலையம் ஒன்றுக்குச் சென்ற இரு பெண்களின் வாக்குமூலங்களின் அடிப்படையில், அன்று பணியிலிருந்த வழக்குரைஞர் அசாஞ்சேயைக் கைது செய்ய ஆணையிட்டார். மறுநாளே தலைமை வழக்குரைஞர் ஏவா ஃபின்னே அந்த ஆணையை விலக்கிக்கொண்டார். ஆகஸ்டு 25ஆம் நாள் பாலியல் வன்கொடுமை குறித்த புலனாய்வு முடித்துவைக்கப்பட்டது. சிறிய அளவிலான தொல்லை குறித்த புலனாய்வு மட்டும் தொடர்ந்தது. அது தொடர்பாக ஆகஸ்டு 30ஆம் நாள் காவல்துறையினர் அவரை வினவினர்.

புகார்தாரர்களின் வழக்குரைஞர் மறு ஆய்வு கோரியதை அடுத்து, கோதென்பர்கைச் சேர்ந்த உயர்நிலை வழக்குரைஞர் மரியான் நியு செப்டம்பர் 1ஆம் நாள் புலனாய்வை மீளத்திறந்தார். அதே மாதம் 27ஆம் நாள் அசாஞ்சே சுவீடனை விட்டு வெளியேறினார். நவம்பர் 18ஆம் நாள் ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றம் அவர் நேரில் இல்லாத நிலையில் காவல் ஆணை பிறப்பித்தது. ஸ்வேயா மேல்முறையீட்டு நீதிமன்றம் சில நாள்களில் அதனை உறுதிசெய்தது. ஐரோப்பியப் பிடியாணை பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டது. டிசம்பர் 7ஆம் நாள் அசாஞ்சே லண்டன் காவல்துறையிடம் சரணடைந்தார்; ஒன்பது நாள்களுக்குப் பின் பிணையில் வெளிவந்தார். மீள்திறப்பிலிருந்து காவல் ஆணை வரை கடந்தவை 78 நாள்கள். கைது வரை 97 நாள்கள்.

இவ்வேகத்திற்குக் காரணம் 2002 ஜூன் 13ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற பிடியாணைச் சட்டகம். அதற்கு முன்னர் ஒப்படைப்புக் கோரிக்கை அரசுகளுக்கிடையே தூதரக வழியில் சென்று, இறுதியில் அமைச்சரின் முடிவுக்கு உட்பட்டிருந்தது. புதிய முறையில் ஒரு நாட்டின் நீதித்துறை அதிகாரி பிறப்பிக்கும் ஆணையை மற்றொரு நாட்டின் நீதித்துறை நேரடியாக ஏற்று நிறைவேற்றும். பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட 32 வகைக் குற்றங்களில், அச்செயல் இரு நாட்டுச் சட்டங்களிலும் குற்றமா எனச் சோதிக்கும் தேவையும் நீக்கப்பட்டது.

லண்டன் நீதிமன்றங்களில் எழுந்த வினாக்கள்

பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் முதற்பகுதி ஐரோப்பியப் பிடியாணைகளையும், இரண்டாம் பகுதி அமெரிக்கா போன்ற பிற நாடுகளின் கோரிக்கைகளையும் பற்றியதாக அப்போது இருந்தது. 2011 பிப்ரவரி 24ஆம் நாள் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும், அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் உயர் நீதிமன்றமும் ஒப்படைப்புக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தன. இவற்றில் எழுந்த இரண்டு வினாக்கள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை.

புலனாய்வு நிலையிலேயே இருக்கும் ஒருவரைக் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' எனக் கொள்ளலாமா என்பது முதல் வினா. மீளத்திறக்கப்பட்ட புலனாய்வு இன்னும் முடியவில்லை. ஆகவே ஒப்படைப்பு வெறும் வினவுதலுக்கானதே என வாதிடப்பட்டது. உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் சொற்பொருளைச் சுவீடன் நடைமுறையின்மீது திணிக்காமல், அந்நாட்டு முறைப்படி குற்றவியல் நடவடிக்கை எந்த நிலையை எட்டியுள்ளது என்பதையே பார்க்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

பிடியாணை பிறப்பித்த வழக்குரைஞர் ஒரு 'நீதித்துறை அதிகாரி' ஆவாரா என்பது இரண்டாம் வினா. 2012 மே 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 5க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஆவார் எனத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஆவணத்தின் பிரெஞ்சு வடிவத்தில் உள்ள தொடர் வழக்குரைஞரையும் உள்ளடக்கும் விரிந்த பொருளுடையது என்பது பெரும்பான்மையினர் சுட்டிய காரணங்களுள் ஒன்று. புலனாய்வை மீளத்திறந்தவரே பிடியாணையும் பிறப்பிக்கலாம் என்பது இத்தீர்ப்பின் நடைமுறைப் பொருள்.

முதல் வினா தீர்ப்போடு ஓயவில்லை. 2014இல் பிரிட்டன் நாடாளுமன்றம் ஒப்படைப்புச் சட்டத்தில் 12அ என்னும் பிரிவைச் சேர்த்தது. கோரும் நாடு குற்றஞ்சாட்டவும் விசாரணைக்கு உட்படுத்தவும் இன்னும் முடிவெடுக்கவில்லை என நம்ப இடமிருந்து, அந்நபர் அங்கு இல்லாதது மட்டுமே அதற்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படாவிடில், ஒப்படைப்பைத் தடுக்க அது வழிசெய்தது. ஒப்படைப்பு விகிதப் பொருத்தமுடையதா என்று சோதிக்கும் பிரிவும் அப்போதே சேர்க்கப்பட்டது. முன்னரே ஒப்படைப்புக்கு ஆணையிடப்பட்ட அசாஞ்சேக்கு இவை பயன்படவில்லை.

தேக்கநிலையும் காலவரம்பும்: 2012–2017

2012 ஜூன் 19ஆம் நாள் அசாஞ்சே லண்டனில் உள்ள ஈக்வடார் தூதரகத்திற்குள் சென்றார். ஆகஸ்டு 16ஆம் நாள் அந்நாடு அவருக்குப் புகலிடம் வழங்கியது. ஒப்படைப்பு ஆணை இருந்தும் நிறைவேற்ற இயலாத நிலை உருவாயிற்று. ஐயத்திற்குரியவரைச் சுவீடனில்தான் வினவ வேண்டும் என்னும் நிலைப்பாட்டில் வழக்குரைஞர் நியு நெடுங்காலம் உறுதியாக இருந்தார். 2014 நவம்பரில் ஸ்வேயா மேல்முறையீட்டு நீதிமன்றம் காவல் ஆணையை உறுதிசெய்தபோதும், மாற்று வழிகளில் வினவ முயலாததைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. 2015 மார்ச்சில் லண்டனிலேயே வினவ வழக்குரைஞர் இசைந்தார். காலவரம்பு நெருங்கியதே இதற்குக் காரணம் என அவரே தெரிவித்தார்.

அவ்வினவுதல் 2016 நவம்பரில்தான் நிகழ்ந்தது. அதற்குள், 2015 ஆகஸ்டில், நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்று காலவரம்பால் வலுவிழந்தன. ஒருவரைத் தேடிப் பிறப்பிக்கப்பட்ட பிடியாணை நடப்பில் இருப்பினும் காலவரம்புக் கடிகாரம் நிற்காது என்பது சுவீடன் சட்டத்தின் நிலை. எஞ்சிய குற்றச்சாட்டுக்கு 2020 ஆகஸ்டு வரை, அதாவது நிகழ்விலிருந்து பத்து ஆண்டு வரை காலம் இருந்தது.

2017 மே 19ஆம் நாள் புலனாய்வு இரண்டாம் முறை முடித்துவைக்கப்பட்டது. சான்று போதவில்லை என்பது காரணமாகக் கூறப்படவில்லை. ஒப்படைப்பு அண்மையில் நிறைவேறும் வாய்ப்பில்லை என்பதே காரணம். காலவரம்பு முடியுமுன் அவர் சுவீடன் வந்தால் புலனாய்வு தொடரலாம் என்பதும் அப்போதே அறிவிக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் புலனாய்வு மூடப்பட்டதற்குக் குற்றம் நிகழ்ந்ததா என்ற ஐயம் காரணம். 2017இல் மூடப்பட்டதற்கு நடைமுறைத் தடை காரணம். இரண்டாவது வகை முடிவு தன்னுள்ளேயே மீள்திறப்பின் விதையைக் கொண்டிருந்தது.

மூலப் புலனாய்வு மூடப்பட்டதும் ஐரோப்பியப் பிடியாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. எனினும் பிணை நிபந்தனையை மீறியதற்காகப் பிரிட்டன் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை அப்படியே நின்றது. அதனை விலக்குமாறு கோரிய மனுவை 2018 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் நடுவர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேர் அறுந்த பின்னும் கிளை உயிரோடிருந்தது. 2010ஆம் ஆண்டு மீள்திறப்பின் பக்கவிளைவாகத் தோன்றிய இந்தப் பிணைமீறல் வழக்கே அடுத்த கட்டத்திற்கான வாயிலாயிற்று.

இரண்டாம் மீள்திறப்பு: 2019

2019 ஏப்ரல் 11ஆம் நாள் ஈக்வடார் புகலிடத்தை விலக்கிக்கொண்டது. லண்டன் காவல்துறையினர் தூதரகத்திற்குள் சென்று அசாஞ்சேயைக் கைது செய்தனர். பிணைமீறலுக்காக மே 1ஆம் நாள் 50 வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கைதான அன்றே, கணினி அமைப்புக்குள் ஊடுருவச் சதி செய்ததாக அமெரிக்கா 2018 மார்ச்சில் மறைமுகமாகப் பதிவுசெய்திருந்த குற்றப்பத்திரிகை வெளியானது. மே 23ஆம் நாள் அது 18 குற்றச்சாட்டுகளாக விரிந்தது. அவற்றில் 17 உளவுச் சட்டத்தின் கீழானவை.

புகார்தாரர்களுள் ஒருவரின் வழக்குரைஞர் மீள்திறப்பு கோரினார். 2017ஆம் ஆண்டு முடிவுக்குக் காரணமான தடை நீங்கிவிட்டதால், மே 13ஆம் நாள் துணைத் தலைமை அரசு வழக்குரைஞர் ஏவா மாரி பெர்சன் புலனாய்வை மீளத்திறந்தார். காவல் ஆணை பெற்று ஐரோப்பியப் பிடியாணை பிறப்பிப்பது அவரது திட்டம். 2010ஆம் ஆண்டின் பாதையே மீண்டும் பின்பற்றப்பட்டது.

ஜூன் 3ஆம் நாள் உப்சாலா மாவட்ட நீதிமன்றம் காவல் ஆணை பிறப்பிக்க மறுத்தது. அவர்மீதான ஐயத்திற்குப் போதிய அடிப்படை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றது. அவர் தப்பிச்செல்லக்கூடும் என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் அவர் பிரிட்டன் சிறையில் இருப்பதால், அங்கேயே அவரை வினவிப் புலனாய்வைத் தொடர இயலும். எனவே காவல் ஆணை விகிதப் பொருத்தமுடையதன்று என அது கருதியது. அவ்வினவுதலுக்கு ஐரோப்பியப் புலனாய்வு ஆணை என்னும் கருவி இருந்தது. ஒரு நாட்டின் அதிகாரி கேட்கும் சான்றை மற்றொரு நாடு திரட்டித் தர வகைசெய்யும் அதற்கான நெறியாணை 2014இல் ஏற்கப்பட்டது. உறுப்பு நாடுகள் அதனை 2017 மே மாதத்திற்குள் நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. ஆளைக் கொணராமலே வாக்குமூலத்தைக் கொணரும் வழி 2010இல் இத்தகைய எளிய வடிவில் இருக்கவில்லை.

காவல் ஆணை இல்லை. ஆகவே பிடியாணையும் இல்லை. கோடைக்காலம் முழுவதும் சாட்சிகள் மீண்டும் வினவப்பட்டனர். 2019 நவம்பர் 19ஆம் நாள் புலனாய்வு மூன்றாம் முறையாக முடித்துவைக்கப்பட்டது. புகார்தாரரின் கூற்று நம்பகமானது எனக் குறிப்பிட்ட பெர்சன், ஒன்பதாண்டு கடந்ததால் சாட்சிகளின் நினைவு மங்கிச் சான்றுகள் வலுவிழந்தன என்று விளக்கினார். மீள்திறப்பிலிருந்து முடிவு வரை கடந்தவை 190 நாள்கள்.

நேராத போட்டி

இரண்டாம் மீள்திறப்பு பிடியாணையாக வளர்ந்திருந்தால் பிரிட்டன் அரசு ஒரு தேர்வைச் செய்ய நேர்ந்திருக்கும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 179ஆம் பிரிவு, ஐரோப்பியப் பிடியாணையும் வேறொரு நாட்டின் கோரிக்கையும் ஒரே நபர்மீது எழும்போது எதற்கு முன்னுரிமை என முடிவெடுக்கும் பொறுப்பை அப்போது அமைச்சருக்கு அளித்தது. குற்றங்களின் ஒப்பீட்டுக் கடுமை, அவை நிகழ்ந்த இடம், கோரிக்கைகள் எழுந்த நாள், அந்நபர் விசாரணைக்காகத் தேடப்படுகிறாரா தண்டனை பெற்றுத் தப்பியவரா என்பன அவர் கருத வேண்டியவை. 2019 ஏப்ரலில் எழுபதுக்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள், சுவீடன் கோரினால் அதற்கே முன்னுரிமை தருமாறு உள்துறை அமைச்சர் சஜித் ஜாவிதுக்குக் கடிதம் எழுதினர்.

அமெரிக்காவின் முறைப்படியான கோரிக்கையை ஜாவித் சான்றளித்து நீதிமன்றத்திற்கு அனுப்பியது ஜூன் நடுப்பகுதியில் தெரியவந்தது. உப்சாலா தீர்ப்பு வந்து அப்போது பத்து நாள் மட்டுமே ஆகியிருந்தது. வரிசையில் அமெரிக்கா மட்டுமே இருந்ததால் 179ஆம் பிரிவுக்கு வேலையில்லாமற் போயிற்று.

வரிசை மாறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை உறுதியாகக் கூறவியலாது. எனினும் எந்தச் சட்டங்கள் பொருந்தியிருக்கும் என்பதைக் கூறலாம். ஐரோப்பியச் சட்டகத்தின் 28ஆம் உறுப்பின்படி, பிடியாணையின் பேரில் ஒப்படைக்கப்பட்டவரை மூன்றாம் நாட்டுக்கு அனுப்ப முதலில் ஒப்படைத்த நாட்டின் இசைவு வேண்டும். சுவீடனின் 1957ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் அரசியல் குற்றங்களுக்காக ஒருவரை ஒப்படைப்பதைத் தடைசெய்கிறது. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை. அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தில் அது இருப்பினும், நாடாளுமன்றச் சட்டத்தில் இல்லாத ஒன்றை அசாஞ்சே தமக்குத் துணையாகக் கொள்ளவியலாது என 2021 ஜனவரி 4ஆம் நாள் தீர்ப்பில் நடுவர் வனெசா பரைட்சர் கூறினார். அத்தீர்ப்பு மனநலக் காரணத்தால் ஒப்படைப்பை மறுத்தது. அமெரிக்கா அளித்த உறுதிமொழிகளை ஏற்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அதனை மாற்றியது. அதன்பின் பல கட்டங்களைக் கடந்த அவ்வழக்கு, 2024 ஜூனில் சைப்பான் தீவில் ஒரு குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டு, ஏற்கெனவே சிறையில் கழித்த 62 மாதங்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டதோடு முடிந்தது. எந்த நாடு முந்துகிறது என்பது எந்தச் சட்டம் அவரைக் காக்கும் அல்லது கைவிடும் என்பதையும் தீர்மானிக்கிறது.

இரு மீள்திறப்புகளின் ஒப்பீடு

இரு மீள்திறப்புகளிலும் தூண்டுகோல் ஒன்றே: புகார்தாரர் தரப்பின் வேண்டுகோள். இரண்டிலும் வழக்குரைஞரின் நோக்கமும் ஒன்றே. விளைவு வேறுபட்டதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, ஐயத்திற்குரியவரின் இருப்பிடம். 2010இல் அவர் எங்கிருப்பார் என்பது நிலையற்றதாக இருந்தது. அவரைக் கொணர்வதற்குக் கட்டாய ஆணை தேவை என நீதிமன்றம் ஏற்றது. 2019இல் அவர் பூட்டிய சிறையில் இருந்தார். அதனாலேயே அந்தத் தேவை குறைந்தது. தூதரகக் கதவு திறந்ததால் மீளத்திறக்க முடிந்த புலனாய்வு, சிறைக்கதவு மூடியதால் ஒப்படைப்பாக வளர இயலவில்லை.

இரண்டாவது, மாற்றுக் கருவிகளின் வளர்ச்சி. சான்று திரட்டும் ஒத்துழைப்பு எளிதாகும்போது, ஆளை ஒப்படைக்கக் கோருவது இறுதி வழியாகப் பின்னுக்குச் செல்கிறது. விகிதப் பொருத்தம் என்னும் அளவுகோல் இரு நாடுகளிலும் வலுப்பெற்றதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

மூன்றாவது, காலம். 2010இல் புகார் சில நாள் பழையது. 2019இல் காலவரம்புக்கு எஞ்சியிருந்தது ஏறத்தாழ 15 மாதம். சட்டக் காலவரம்பு முடியுமுன்னரே சான்றுகளின் உயிர்ப்பு முடிந்துவிட்டது.

வழக்குரைஞரே பிடியாணை பிறப்பிக்கலாமா என்னும் வினாவும் இக்காலத்தில் மீண்டும் எழுந்தது. அரசின் ஆணைக்கு உட்படக்கூடிய ஜெர்மன் வழக்குரைஞர்கள் அதற்குத் தகுதியற்றவர்கள் என 2019 மே 27ஆம் நாளும், சுவீடன் வழக்குரைஞர்கள் தகுதியுடையவர்கள் என அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாளும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவீடன் முறை சட்டப்படி நிலைநிறுத்தப்பட்டபோது அப்புலனாய்வு மூடப்பட்டு 23 நாள் ஆகியிருந்தது.

இழப்பு யாருடையது

மீள்திறப்பை அரசியல் கருவி என ஒரு தரப்பும், நீதிக்கான கடைசி வாய்ப்பு என மறுதரப்பும் வாதிட்டன. நடைமுறை வரலாறு இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒன்றைக் காட்டுகிறது. புகார் அளித்தவர்கள் ஒன்பதாண்டுகளாக ஒரு நீதிமன்றத்தில் தம் கூற்று சோதிக்கப்படுவதற்குக் காத்திருந்தனர், அது சோதிக்கப்படவேயில்லை. புகாருக்கு உள்ளானவர் ஒன்பதாண்டுகளாகக் குற்றமற்றவர் எனவோ குற்றவாளி எனவோ தீர்ப்புப் பெறாமல் ஐயத்திற்குரியவராகவே நின்றார். திறந்தும் மூடியும் திறந்தும் நீண்ட ஒரு புலனாய்வில் ஒப்படைப்பே இலக்காகிவிட, உண்மையைக் கண்டறிதல் பின்தங்கியது. லண்டனில் வினவும் முயற்சி 2015க்கு முன்னரே நிகழ்ந்திருப்பின் குற்றஞ்சாட்டுவதா கைவிடுவதா என்னும் முடிவு சான்றுகள் மங்குமுன் எட்டப்பட்டிருக்கலாம். 2013 அக்டோபரிலேயே ஒப்படைப்புக் கோரிக்கையை விலக்கிக்கொள்ளச் சுவீடன் தரப்பு எண்ணியதைப் பின்னர் வெளியான கடிதப் போக்குவரத்து காட்டுகிறது. அவ்வெண்ணம் செயலாகாமல் மேலும் மூன்றரை ஆண்டு கழிந்தது.

முடிவுரை

மீள்திறப்பு தன்னளவில் ஒப்படைப்பை உண்டாக்குவதில்லை என்பது இவ்வாய்வின் முடிவு. வழக்குரைஞர் திறப்பது முதற்கதவை மட்டுமே. அடுத்து நிற்பது காவல் ஆணை என்னும் இரண்டாம் கதவு. அதன் திறவுகோல் உள்நாட்டு நீதிமன்றத்திடம் உள்ளது. மூன்றாம் கதவு ஒப்படைக்கும் நாட்டின் சட்டத்திலும், போட்டிக் கோரிக்கை எழுந்தால் அதன் அமைச்சரிடமும் உள்ளது. 2010இல் மூன்று கதவுகளும் திறந்தன. ஆனால் ஆள் தூதரகத்திற்குள் சென்றுவிட்டார். 2019இல் ஆள் கைக்கெட்டும் நிலையில் இருந்தார். இரண்டாம் கதவு திறக்கவில்லை.

இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. மூடப்பட்ட புலனாய்வு விட்டுச்செல்லும் பக்கவிளைவுகள் அதனுடன் மறைவதில்லை. 2010ஆம் ஆண்டு மீள்திறப்பால் விளைந்த பிணைமீறல் வழக்கு, அப்புலனாய்வே இல்லாத காலத்தும் நீடித்து, வேறொரு நாட்டின் கோரிக்கை வந்துசேரும் வரை அவரைக் காவலில் நிறுத்தப் பயன்பட்டது. ஆகவே ஒப்படைப்பு வரலாற்றை எழுதுவோர் இறுதித் தீர்ப்புகளோடு நில்லாமல், புலனாய்வுகள் மூடப்பட்ட நாள்களையும் மூடியதற்குக் கூறப்பட்ட காரணங்களையும் பதிவுசெய்தல் வேண்டும். சான்றின்மையால் மூடப்பட்டதா, தடையால் மூடப்பட்டதா என்னும் வேறுபாடே அப்புலனாய்வு மீண்டும் திறக்குமா என்பதை முன்னுணர்த்தும். அவ்வேறுபாட்டைப் புகார்தாரருக்கும் ஐயத்திற்குரியவருக்கும் உரிய காலத்தில் தெளிவுபடுத்துவது சட்டத்தின் கடமை.